நாற்பத்து மூன்று வினாடி

போனை வைத்துவிட்டீர்களா, தம்பி? நல்லது. ஒரு பெரும்பிழையைத் திருத்த வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் கங்கைகொண்டானிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறேன். "ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல், அதனால ஆபரேசன்ல ரத்தம் ஒண்ணும் பெருசாப் போகாது" என்று யாரிடமோ சொன்னீர்கள். தவறு. சூரியன்தான் பூமியைச் சுற்றுகிறது என்று மனிதர்கள் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்தபடியாக மனித குலத்தைப் பிடித்திருக்கும் பிழை இதுதான் என்பது என் தாழ்மையான கருத்து. சூரியன் விஷயத்தில் யாருக்கும் நெஞ்சைத் திரும்பத் திறக்க வேண்டி வரவில்லை.

ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதீர்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை, காது இருக்கிறது. ஃபைலை மடியில் திறந்து வைத்திருக்கிறீர்கள், கண்ணும் இருக்கிறது. அப்பாவுக்கா? பைபாஸா? எந்த மருத்துவமனை என்று கேட்கவில்லை. நானும் சொல்லப்போவதில்லை. மதுரையில் இருக்கிறது, கட்டடம் பெரியது, அவ்வளவு போதும்.

நான் முப்பத்தொரு வருடம் அரசு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இருந்தவன். டாக்டர் இல்லை. டாக்டர் எதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறாரோ அந்தத் தாளைத் தயாரித்தவன். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. இன்னும் யாராவது ரிப்போர்ட்டை நீட்டினால் எண்ணைப் பார்க்க மாட்டேன். மாதிரியை யார் எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள், எந்தக் குழாயில் எடுத்தார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். எண் பொய் சொல்லாது. ஆனால் குழாய் பொய் சொல்லும்.

என் தங்கை உலகம்மாள் தென்காசியில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் கைலாசம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். என்னிடம் அதிகம் பேச மாட்டார். அதை மரியாதை என்றுதான் இருபத்திரண்டு வருடமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆடி மாதம் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோனோம். இருதயத்துக்குப் போகும் முக்கியக் குழாயில் தொண்ணூறு சதவீதம் அடைப்பு. வியாழக்கிழமை ஆபரேசன் என்று நாள் குறித்தார்கள். திங்கட்கிழமை இரத்தம் எடுத்தார்கள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். நீல மூடிக் குழாய் என்று ஒன்று உண்டு. உள்ளே இரத்தம் உறையாமல் இருக்க ஒரு கரைசல் இருக்கும். இரத்தத்தை அதில் எடுத்து, பிறகு இயந்திரத்தில் வைத்து உறைய வைத்து, எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். அந்த ஆய்வகத்தில் இருபத்தாறிலிருந்து முப்பத்தாறு வினாடி வரை நார்மல். மாப்பிள்ளைக்கு நாற்பத்து மூன்று.

ஏழு வினாடி கூடுதல். இந்தப் பஸ் ஒரு வேகத்தடை ஏறி இறங்குகிற நேரம்.

அதற்கு அந்த அறுவை டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "ரத்தவியல் டாக்டர் ஒருதடவை பாக்கட்டும். சாம்பிளை சென்னைக்கு அனுப்பி என்ன குறைன்னு தெரிஞ்சுக்கிட்டு, பத்து நாள் கழிச்சுப் பண்ணலாம். அதுவரைக்கும் இங்கேயே எங்க கண்ணு முன்னாடி படுத்திருக்கட்டும்." தங்கை தலையாட்டினாள். மாப்பிள்ளையும் ஆட்டினார். அவர்களுக்கு என்ன தெரியும்? நான் ஆட்டவில்லை.

பத்து நாள்! தொண்ணூறு சதவீத அடைப்பை வைத்துக்கொண்டு பத்து நாள்! எதற்காக? ஒரு குழாய் சரியாக நிரம்பாததற்காக. அந்த நீல மூடிக் குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும். கோடு வரை இரத்தம் வர வேண்டும். குறைந்தால் உள்ளே இருக்கும் கரைசல் விகிதத்தில் கூடிப்போகும், வினாடி நீளும். இதைப் படிக்காதவன் ஆய்வகத்துக்குள் நுழையவே கூடாது. என் காலத்தில் இப்படி அரைகுறையாக வந்த குழாய் நானூறையாவது குப்பையில் போட்டிருப்பேன். அந்த நானூறில் எத்தனை பேருக்கு நிஜமாகவே குறை இருந்தது என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? சரி. யாரும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் ஒரு படிவம் கொடுத்தார்கள். நான்தான் எழுதினேன். வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் நான்தான் எழுதுவேன். மற்றவர்கள் கட்டத்துக்கு வெளியே எழுதுவார்கள். அதில் ஒரு கேள்வி: பல் எடுத்தபோதோ அடிபட்டபோதோ நெடுநேரம் இரத்தம் நிற்காமல் இருந்ததுண்டா?

தங்கை பக்கத்தில்தான் இருந்தாள். "அண்ணே, ஏழு வருசத்துக்கு முன்னால கடவாப்பல்லு பிடுங்குனாங்கள்லா. மூணு நாளு ரத்தம் நிக்கலண்ணே. தலகாணி உறைய நாலு தடவ மாத்துனேன். அதையும் எழுதுங்க."

"தலையணை உறை ஓர் அளவு இல்லை உலகு" என்றேன்.

"அளவு இல்லாட்டா என்ன, ரத்தம் வந்துச்சுல்லா?"

"மூணு நாளும் தொடர்ந்து வந்ததா, விட்டு விட்டு வந்ததா? எச்சிலோடு கலந்தால் ஒரு சொட்டுகூட ஒரு டம்ளர் மாதிரித் தெரியும்."

"அது எனக்குத் தெரியாதுண்ணே. நான் உறையத் துவைச்சேன், அவ்வளவுதான் தெரியும்."

நெடுநேரம் என்றால் எத்தனை நிமிடம்? படிவத்தில் இல்லை. அளவு சொல்லாமல் கேட்கும் கேள்விக்கு அளவோடு எப்படிப் பதில் எழுதுவது? "குறிப்பிடத்தக்கதாக இல்லை" என்று எழுதினேன். எழுத்து அழகாக வந்திருந்தது. தங்கை அதை வாங்கிப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். தப்பென்றால் அவளும் அப்போதே சொல்லியிருக்கலாம் இல்லையா?

மறுநாள் காலை பத்து மணிக்கு மாப்பிள்ளையைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆய்வகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். சன்னலில் ஜெனிட்டா என்று ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும்.

"நேற்று எடுத்த மாதிரி தவறு. திரும்ப எடுக்க வேண்டும்" என்றேன்.

"டாக்டர் எழுதித் தரலியே சார்."

"குழாய் கோடு வரை நிரம்பவில்லை."

"நிரம்பியிருந்துச்சு சார். நான்தான் எடுத்தேன். இப்பவும் ஸ்டாண்டுலதான் இருக்கு, வேணும்னா பாருங்க."

பார்த்தேன். கோடு வரை இருக்கிற மாதிரிதான் தெரிந்தது. ஆனால் குழாயைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். நேராகப் பிடிக்கச் சொன்னேன். நேராகப் பிடித்தாள். அப்போதும் கோடு வரைதான் இருந்தது. அதனால் என்ன? கையில் கட்டிய பட்டையை எத்தனை நேரம் விட்டாய் என்று கேட்டேன். எடுத்ததும் எத்தனை தடவை கவிழ்த்தாய் என்று கேட்டேன். குலுக்கினாயா, கவிழ்த்தாயா? இரண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா? எந்தக் கல்லூரியில் படித்தாய்? அந்தக் கல்லூரியில் இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பார்களா, இல்லை சான்றிதழை மட்டும் கொடுப்பார்களா?

வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையில் இருக்கும்போது கண் கலங்கக் கூடாது. நான் அதையும் சொன்னேன்.

"மச்சான், விடுங்க" என்றார் மாப்பிள்ளை.

"நீங்கள் சும்மா இருங்கள். உங்கள் நல்லதுக்குத்தான்."

"விடுங்கங்கேன்!"

திரும்பிப் பார்த்தேன். சக்கர நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். முகம் சிவந்து போயிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. இத்தனை சொற்கள் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

"என் கல்யாணத்தன்னைக்குப் பந்தல்ல வச்சுப் பத்திரிகையில தப்பு கண்டுபிடிச்சீரு. என் பட்டறைக்கு வந்து, என் வேலைக்காரப் பயலுவ முன்னாடி, நான் கம்பி சுத்துறது தப்புன்னு சொன்னீரு. எங்க அம்மா செத்த வீட்டுல, ஒப்பாரி வைக்கிறவள நிப்பாட்டி வயச சரியாச் சொல்லச் சொன்னீரு. இப்ப இந்தப் பிள்ள அழுது. உமக்கு இன்னும் என்னவே வேணும்?"

'வே' என்று மரியாதை இல்லாமல் சொன்னார். தங்கை புருஷன், மனைவியின் அண்ணனைப் பார்த்து, பதினைந்து பேர் முன்னால். அதுகூடப் போகட்டும். அவருடைய அம்மா வயது எண்பத்தொன்றுதான். எண்பத்தைந்து என்று பாடிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு மூச்சு வாங்கியது. அப்படியே அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து சட்டைக் கையை ஏற்றிக்கொண்டு நீட்டினார். "எடு தாயி. இன்னும் ஒரு குப்பி எடு. இவரு வாயி அப்பவாவது மூடுதான்னு பாப்போம்."

ஜெனிட்டா எடுத்தாள். கோடு வரை எடுத்தாள். ஐந்து தடவை கவிழ்த்தாள். நான் எண்ணினேன்.

ஒரு மணி நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. முப்பத்தைந்து வினாடி. நார்மல்.

அந்தத் தாளைக் கையில் வாங்கிய நேரத்தை நான் மறக்க மாட்டேன். யாரையும் குத்திக்காட்டவில்லை. ஜெனிட்டாவிடம் போய் "பார்த்தாயா அம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவள் பதிவேட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. தங்கையிடம் காட்டினேன். "சரிண்ணே, நல்லதுதான்" என்றாள். டாக்டர் இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு, "முதல் சாம்பிள்ல ஏதோ கோளாறு போல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். படிவத்தையும் புரட்டினார். குறிப்பிடத்தக்கதாக இல்லை. வியாழக்கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

பத்து நாளை மிச்சம் பிடித்தேன், தம்பி. ஒற்றை ஆளாக.

காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பன்னிரண்டரைக்கு நல்லபடியாக முடிந்தது என்றார்கள். நான் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தேன். ஒன்றரைக்கு ஒரு நர்ஸ் வந்து, இன்னும் இரத்தம் தேவைப்படலாம், ஆள் வரச்சொல்லுங்கள் என்றாள். நெஞ்சிலிருந்து ஒரு குழாய் வழியாக இரத்தம் வடிந்து பெட்டியில் சேரும். கொஞ்சம் சேர்வது வழக்கம். அவருக்கு முதல் மணி நேரத்திலேயே அரை லிட்டர். இரண்டாவது மணி நேரத்திலும் அதே அளவு. மூன்று மணிக்கு டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றாமலே வெளியே வந்தார். "தையல்ல எங்கயாவது கசியுதான்னு திறந்து பாக்கணும்" என்றார்.

தங்கை கீழே உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி இருந்தது. அதில் உட்காரவில்லை.

இரத்தம் கொடுக்க முதல் ஆளாக நான் போனேன். ஒரே பிரிவு. விரலில் குத்திப் பார்த்துவிட்டு, ஹீமோகுளோபின் பதினொன்றரைதான் இருக்கிறது, எடுக்க முடியாது என்றான் அங்கிருந்த பையன். விரலை அழுத்திப் பிதுக்கினால் நீர் கலந்து எண் குறையும் என்று விளக்கினேன். இன்னொரு விரலில் அழுத்தாமல் குத்தினான். பதினொன்று புள்ளி நான்கு. அந்தக் கருவியையே நான் நம்பவில்லை. அதற்குள் பட்டறை ஆட்கள் ஒன்பது பேர் தென்காசியிலிருந்து ஒரு வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். கிரீஸ் கையோடு வரிசையில் நின்றார்கள். ஒருவன்கூட என்னிடம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெளிவாகச் சொல்லியிருப்பேன்.

திறந்து பார்த்தார்கள். எந்தத் தையலிலும் கசிவு இல்லை. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்த இரத்தவியல் டாக்டரைக் கூப்பிட்டார்கள். ஹபீபா என்று பெயர். சிறிய உருவம், மெதுவாகப் பேசுகிறவர். நேராகத் தங்கையிடம் வந்து பக்கத்தில் தரையிலேயே குந்திக்கொண்டார். "அம்மா, இவருக்கு இதுக்கு முன்னாடி எப்பவாவது ரத்தம் நிக்காமப் போயிருக்கா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

தங்கை பல் கதையைச் சொன்னாள். தலையணை உறையைச் சொன்னாள். பட்டறையில் கம்பி கீறினால் அரை நாள் துணி சுற்றிக்கொண்டு திரிவார் என்றாள். அது எனக்கே புதிது. சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டால் படிகாரம் வைத்தாலும் நிற்காது என்றாள். அந்த டாக்டர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. ஆதாரம் இல்லாத பேச்சை அவ்வளவு பொறுமையாகக் கேட்கிற டாக்டரை நான் பார்த்ததே இல்லை. கேட்டுவிட்டு எழுந்து ஓடினார். இரத்தத்தை உறைய வைக்கும் ஒரு பொருள் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்குமாம். அதை ஊசியில் ஏற்றினார்கள். சாயங்காலம் ஆறரைக்குள் வடிவது குறைந்தது.

பிழைத்துக்கொண்டார். பதினெட்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது. பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறார், கம்பி சுற்ற முடியவில்லை. ஆனால் பிழைத்துக்கொண்டார். அதை யாரும் சொல்வதில்லை.

நான்காம் நாள் எங்களை ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் ஹபீபா, அறுவை டாக்டர், ஓரத்தில் பதிவேட்டோடு ஜெனிட்டா. மேஜையில் என் படிவம். ஹபீபா அதை எடுத்து "குறிப்பிடத்தக்கதாக இல்லை" என்று வாய்விட்டுப் படித்தார். கீழே வைத்தார்.

பிறகுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். இது எனக்கே தெரியாது, உங்களிடம் மறைக்கவில்லை. அந்தக் குறிப்பிட்ட பொருள் இருக்கிறதே, அது உடம்பு பதறும்போது இரத்தத்தில் கூடிவிடுமாம். ஓடினால் கூடும், பயந்தால் கூடும், கோபப்பட்டால் கூடும். குறை லேசாக இருந்தால், அந்த நேரத்தில் எடுத்த இரத்தம் பரிசோதனையில் நார்மல் என்று வந்துவிடும். மணி நேரங்கள் போனால் பழையபடி இறங்கிவிடும்.

"முதல் ரிசல்ட்தான் சரி" என்றார். "ரெண்டாவது எடுக்கும்போது அவர் ஏதாவது டென்ஷன்ல இருந்தாரா?"

ஜெனிட்டா பதிவேட்டைத் திருப்பி மேஜையில் வைத்தாள். "உறவினர் வற்புறுத்தலின் பேரில் மறுபரிசோதனை" என்று எழுதியிருந்தது. மணி, தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. ஒரு குறையும் சொல்ல முடியாது.

தங்கை டாக்டரைப் பார்த்தே சொன்னாள். "டென்சன்லாம் இல்ல டாக்டர். எங்க அண்ணன் பேசிக்கிட்டு இருந்தாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இப்போது நீங்களே சொல்லுங்கள், தம்பி. கோபப்பட்டது யார்? நானா? நான் கேள்விதான் கேட்டேன். கோபத்தில் இருக்கும் மனிதரிடம் இரத்தம் எடுக்கலாமா, கூடாதா என்று முடிவு செய்ய வேண்டியது யார்? ஆய்வகம்தானே? பத்து நிமிடம் உட்காரச் சொல்லியிருக்கலாமே? நோயாளியின் மனநிலையைக் குறிக்கப் பதிவேட்டில் ஒரு கட்டம் போட்டிருக்கலாமே? இதையெல்லாம் குறிப்பிட்டு அந்த மருத்துவமனைக்கு ஏழு பக்கக் கடிதம் எழுதினேன். ஜெனிட்டா அன்றைக்கு எடுத்த முறையில் ஒரு பிழையும் இல்லை என்பதையும் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நியாயம் நியாயம்தான். பதில் வரவில்லை. அதைப் பற்றிக் கேட்கத்தான் இப்போது நேரில் போய்க்கொண்டிருக்கிறேன். இது நான்காவது தடவை.

நான் சும்மா இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். பத்து நாள் தாமதமாகியிருக்கும் என்றேன். "அப்புறம்?" என்றாள். அப்புறம் ஆபரேசன். "அப்புறம்?" அதற்குமேல் ஊகம்தானே? ஊகத்துக்கு நான் பதில் சொல்வதில்லை என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். இத்தனைக்கும் அவள் பி.எஸ்சி. கணக்கு.

விருதுநகர் வந்துவிட்டது போலிருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு எத்தனை வினாடி? அந்த மஞ்சள் தாள்தான். முப்பத்தெட்டா? எல்லாம் நார்மல் என்றீர்களே? யார் எடுத்தார்கள்? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? குழாயைப் பார்த்தீர்களா? முப்பத்தெட்டு என்பது என்னைக் கேட்டால்... சரி. மூடி வையுங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கதையில் பாக்கி இருந்தது இது ஒன்றுதான்: அந்தக் குறை பரம்பரையாக வருமாம். பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் ஹபீபா எழுதிக் கொடுத்திருந்தார். போன சனிக்கிழமை தங்கை தன் மகள் சங்கரியை மதுரைக்கு அழைத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். என் மனைவியும் கூடப் போயிருக்கிறாள். என்னிடம் மூக்குக் கண்ணாடி மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.